எழுதிய இசை எழுதியபடி வெளியே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வரி வர்ணனை கொடுத்தால் முழுப் பாட்டையும் போட்டுத் தந்துவிடும் மென்பொருள்களைப் பற்றி இப்போதெல்லாம் நாளிதழ்களில் நிறையப் படிக்கிறோம். அவற்றின் நன்மை தீமை ஒருபுறம் இருக்கட்டும். இசையைத் தாமே எழுதி, வாசித்து, பதிவு செய்கிறவர்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டும் மென்பொருள்கள் வேறு. சுரங்களை அச்சுத்தாளுக்குக் கொண்டுவரும் நொட்டேஷன் மென்பொருள் ஒன்று. பல டிராக்குகளில் பதிந்து, கலந்து, ஒலிக்கோப்பாக்கும் பதிவு மென்பொருள் இன்னொன்று. இரண்டிலும் பல பத்தாண்டுகளாகத் தீராத குறைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். உள்ளே போட்ட இசை, போட்டபடி வெளியே வருவதில்லை.

1988-ல் வெளிவந்த ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. இசைப் பதிப்பகங்கள், திரை இசைக்குழுக்கள், கல்லூரிகள் எல்லாம் தலைமுறைக் கணக்கில் கோப்புகளைச் சேர்த்துவைத்திருந்த மென்பொருள் அது. அதன் கோப்பு வடிவம் அதற்கே உரியது. ஆகவே, ஃபினாலே ஓடுகிற கணினி ஒன்று கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிவைப்பதுதான் பாதுகாப்பு. ஒரு கோப்புறையை மொத்தமாக மாற்றும் வசதி அதன் ஏற்றுமதிப் பட்டியலிலேயே இருக்கிறது. இன்னும் செய்யாதவர்கள் உடனே செய்துவிடுவது நல்லது. கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்துவைக்க வேண்டும். ஏன் பிடிஎஃப் என்றால், மாற்றிய கோப்பில் எது தொலைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் இருக்காது. தொலையும் என்பது நிச்சயம்.

எப்படித் தொலைகிறது என்பதைப் புரிந்துகொள்ள மிடியிலிருந்து தொடங்க வேண்டும். 1983-ல் வந்த மிடி, விசையை எப்போது அழுத்தினோம், எவ்வளவு வேகத்தில் அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பது போன்ற செயல்களை மட்டும் சொல்லும் செய்திமுறை. சுரத்தின் பெயர் அதற்குத் தெரியாது, எண்தான் தெரியும். 61 என்ற எண் வந்தால் அது சி ஷார்ப்பா, டி ஃபிளாட்டா என்று நொட்டேஷன் மென்பொருள் ஊகிக்க வேண்டும். ஏ ஃபிளாட் மேஜரில் எழுதிய பகுதியில் சி ஷார்ப் தலைகாட்டினால் வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அந்த இடத்தின் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதியை) பார்த்து, முன்னும் பின்னும் இரண்டு பார்களை (தாள அளவுகளை) பார்த்து ஊகித்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். பல மென்பொருள்கள் அந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கின்றன. கையால் திருத்திய பெயரை மறுமுறை மிடி வழியாக அனுப்பினால் திருத்தமும் போய்விடும்.

இதைவிடப் பெரிய தலைவலி கால அளவு. ஒரு கால் நோட்டை 480 டிக்குகளாகப் பிரிக்கும் கோப்பை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 என்ற டெம்போவில் ஒரு டிக் சுமார் 1.04 மில்லிசெகண்ட். அரைக்கால் நோட்டுக்கு 240 டிக், வீச நோட்டுக்கு 120, அரைவீசத்துக்கு 60. (எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் முப்பத்திரண்டில் ஒன்றுக்கும் தமிழில் ஒற்றைச் சொல் இருக்கும்போது அதையே பயன்படுத்துவோமே.) எந்த மனிதரும் அரைக்கால் நோட்டை 240 டிக் முழுக்கப் பிடித்திருப்பதில்லை, 190, 200 டிக்கில் விரல் எழுந்துவிடும். அரைவீசத்துக்கு முழுமையாக்கச் சொன்ன மென்பொருள் அந்த 190-ஐ 180 என்று கொண்டு, புள்ளியிட்ட வீசம் ஒன்றும் அரைவீச ஓய்வு ஒன்றும் எழுதிவைக்கும். ஒரு பாரில் இப்படி எட்டு வந்தால், காதுக்கு எட்டு எளிய சுரங்கள். தாளில் பதினாறு குறிகள். இதைச் சரிசெய்ய எல்லாரும் செய்வது, குவாண்டைஸ் கட்டளையால் நீளங்களையும் கட்டத்துக்கு இழுத்துவிடுவது. தாள் சுத்தமாகிவிடும், வாசிப்பு செத்துவிடும்.

எழுதும் நீளம் வேறு, ஒலிக்கும் நீளம் வேறு. ஒவ்வொரு சுரத்துக்கும் இந்த இரண்டையும் தனித்தனியே சேமிப்பதுதான் சரியான தீர்வு. டொரிக்கோ போன்ற சில நொட்டேஷன் மென்பொருள்களில் இது இருக்கிறது. பதிவு மென்பொருள்கள் சிலவற்றிலும் "காட்சிக்கு மட்டும் குவாண்டைஸ்" என்ற பெயரில் அரைகுறையாக இருக்கிறது. எல்லாவற்றிலும் வேண்டும் என்பதும், ஏற்றுமதியில் இரண்டு அளவுகளும் சேர்ந்தே போக வேண்டும் என்பதும் கோரிக்கை. சுவிங் தாளத்துக்கும் இதே கதைதான். 320, 160 டிக் என்று இரண்டுக்கு ஒன்றாக வாசித்ததை மூவிணைக் குறிகளால் (இரண்டின் இடத்தில் மூன்று சுரம் என்று காட்டுபவை) நிரப்பாமல், நேரான அரைக்கால் நோட்டுகளாக எழுதி மேலே ஒரு "சுவிங்" குறி இட்டால் போதும். மியூசிக்எக்ஸ்எம்எல் 4.0-வில் அதற்கென்றே ஓர் உறுப்பு 2021-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

மியூசிக்எக்ஸ்எம்எல்லைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான். வடிவம் வளமானது; அதை எழுதும், படிக்கும் மென்பொருள்கள்தான் பாதியில் விட்டுவிடுகின்றன. அதில் ஒரு சுரத்தின் கால அளவு ஓர் எண்ணாகவும், அது கால் நோட்டா அரைக்காலா என்பது தனிச் சொல்லாகவும் பதியப்படும். மூவிணை என்றால் விகிதம் ஓரிடத்தில், அதன் தலைமேல் போடும் அடைப்புக்கோடு வேறோர் இடத்தில். ஏதாவது ஒன்றை எழுத மறந்துவிட்டால், ஒலி சரியாக இருக்கும், அடைப்புக்கோடு மறைந்திருக்கும். அல்லது கோடு இருக்கும், பார் நிரம்பாமல் இடிக்கும். "எஃப்", "பி" (உரக்க, மென்மையாக) போன்ற ஒலியளவுக் குறிகளை வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்திருந்தால் அவை எழுத்தாகவே போகும், ஒலியில் ஒரு மாற்றமும் வராது. ஒரே ஸ்டாஃபில் (ஐந்துகோட்டில்) எழுதிய இரண்டாம் குரலில் மறைத்துவைத்த ஓய்வுகள் மறுபக்கம் போனதும் வெளியே எட்டிப்பார்க்கும். பி ஃபிளாட் கிளாரினெட்டின் சுரங்கள் ஒலிப்பதைவிட ஒரு முழுத் தொனி மேலே எழுதப்படுபவை. ஏற்றுமதி செய்தவர் எந்தக் காட்சியில் (ஒலிக்கும் சுரமா, எழுதும் சுரமா) இருந்தார் என்பதைப் பொறுத்து அவை ஒரு தொனி தவறிப் போய் இறங்குவதும் உண்டு.

ஏற்றுமதி முடிந்ததும் பொதுவாக மென்பொருள்கள் ஓர் அறிக்கை தருவதில்லை. "37-ஆம் பாரில் உள்ள கிளிசாண்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கல்) அனுப்பப்படவில்லை, 52-ல் நான்கு எழுத்துக்குறிகள் இடம் மாறலாம்" என்று பத்து வரி எழுதிக் கொடுத்தால் மணிக்கணக்கில் பிழை தேடும் வேலை மிச்சம். எதை அனுப்பவில்லை என்பது அனுப்பும் மென்பொருளுக்குத் தெரியும். சொல்வதற்கு என்ன தயக்கம்?

பதிவு மென்பொருள்களின் பக்கம் நிலைமை இன்னும் பின்தங்கியிருக்கிறது. ஒரு மென்பொருளின் திட்டக்கோப்பை மற்றொன்றில் திறக்க வழியில்லாமல், ஒவ்வொரு டிராக்கையும் முதல் நொடியிலிருந்து தனி ஒலிக்கோப்பாக எடுத்துக் கொடுப்பதே இன்றும் பொது வழக்கம். 2023-ல் பதிவு மென்பொருள் நிறுவனங்களான பிட்விக்கும் பிரிசோனஸும் சேர்ந்து டாபிராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. டிராக்குகள், மிடி, ஆட்டோமேஷன் (ஒலியளவு முதலியவற்றின் தானியங்கு மாற்றங்கள்), பிளக்-இன் (கருவிகளையும் ஒலிவிளைவுகளையும் தரும் துணைநிரல்) அமைப்புகள் எல்லாம் அதில் போகும். கியூபேஸ் என்ற பதிவு மென்பொருளின் 14-ஆம் பதிப்பும் அதை ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய நிறுவனங்களும் இதில் சேர்ந்தால், அந்த ஒரு வசதிக்காகவே புதிய பதிப்புக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது.

கோப்பைத் திறந்துவிட்டாலும் பிளக்-இன் இல்லாவிட்டால் ஒலி இல்லை. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை ஓடவிடாமல் நிறுத்தியபோது எத்தனையோ பழைய பாடல்திட்டங்கள் ஊமையாயின. டிராக்கை "ஃபிரீஸ்" செய்து ஒலியாக மாற்றிவைக்கும் வசதி ஏற்கெனவே உள்ளதுதான். ஆனால் அதை நினைவாகச் செய்ய வேண்டும், யாரும் செய்வதில்லை. திட்டத்தை மூடும்போதெல்லாம் ஒவ்வொரு டிராக்கின் கடைசி ஒலியையும் மென்பொருள் தானாகவே பின்னணியில் எழுதிவைக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டு, 30 டிராக் என்றால் ஏறக்குறைய 2 ஜிகாபைட். இழப்பற்ற சுருக்கம் கொடுத்தால் இன்னும் குறையும். பிளக்-இன் காணாமல் போனால் அதன் இடமும் அமைப்புகளும் அப்படியே இருக்க, சேமித்த ஒலி பேச வேண்டும். எச்சரிக்கைப் பெட்டி ஒன்றைக் காட்டிவிட்டு டிராக்கைக் காலியாக விடுவதெல்லாம் என்ன மரியாதை?

அடுத்தது வளைவு. கமகமோ, ஸ்லைடோ, வைப்ரேட்டோவோ, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் நடப்பதுதான் பாட்டு. சுருதியை வளைக்கும் மிடியின் பிட்ச் பெண்ட் செய்தி 14 பிட் அளவு கொண்டது. 16,384 படிகள், நடுப்புள்ளி 8,192. வழக்கமான எல்லையான மேலே இரண்டு, கீழே இரண்டு அரைத்தொனிகளில் ஒரு படி 0.025 சென்ட்டுக்கும் (சென்ட் என்பது அரைத்தொனியில் நூறில் ஒரு பங்கு) குறைவு, நுட்பம் போதும். கோளாறு இரண்டு இடங்களில். முதலாவது, அந்த எல்லை எவ்வளவு என்பது சுரச்செய்தியோடு வருவதில்லை. 12 அரைத்தொனி எல்லையில் பதிந்ததை 2 அரைத்தொனி எல்லையுள்ள கருவியில் திறந்தால் வளைவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, பாடகர் சுருதி தப்பியதுபோல் கேட்கும். எல்லையை அனுப்ப மிடியில் தனிச்செய்தி இருக்கிறது. திட்டத்தின் தொடக்கத்திலேயே அதைத் தானாக எழுதிவைக்க ஒரு மென்பொருளுக்கு என்ன சிரமம்? இரண்டாவது, பெண்ட் முழுச் சேனலுக்கும் (மிடிச் செய்திகள் போகும் தடத்துக்கும்) பொது. கார்டில் ஒரு சுரத்தை மட்டும் வளைக்க முடியாது. 2018-ல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சேனல் கொடுத்து இதைச் சமாளித்தது. 2020-ல் வந்த மிடி 2.0 சுரத்துக்குச் சுரம் தனி வளைவையே தந்துவிட்டது.

இவ்வளவு வந்தும் நொட்டேஷன் பக்கத்தில் வளைவு என்பது இன்னும் பெரும்பாலும் ஒரு படம்தான். இரண்டு சுரங்களுக்கு இடையே கோடு போடலாம். அது எப்போது கிளம்ப வேண்டும், முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் ஏற வேண்டுமா, மேலே போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமா என்று சொல்லப் பல மென்பொருள்களில் இடமில்லை. பதிவு மென்பொருளில் வரைந்த வளைவோ தாளில் தெரிவதே இல்லை. நேரமும் சென்ட்டும் கொண்ட புள்ளிகளின் வரிசையாக ஒரே வளைவு சுரத்தோடு ஒட்டிச் சேமிக்கப்பட்டு, ஒரு பக்கம் கோடாகவும் மறுபக்கம் ஒலியாகவும் வெளிப்பட வேண்டும். சுரத்தை நகர்த்தினால் வளைவும் கூடவே நகர வேண்டும். இன்று பல மென்பொருள்களில் சுரம் போய்விடும், வளைவு பழைய இடத்திலேயே அனாதையாக நிற்கும். சமச்சுருதி அல்லாத (எல்லா அரைத்தொனியும் ஒரே அளவாக இல்லாத) சுருதி முறைகளுக்கும் இதே அடித்தளம் உதவும். தூய பஞ்சமம் 702 சென்ட், தூய மேஜர் மூன்றாம் சுரம் 386 சென்ட்; பியானோவில் இவை 700, 400. ஒரு பாடலுக்கு ஒரு சுருதிப் பட்டியல் என்று தேர்ந்தெடுக்க ஒரே ஒரு பெட்டி போதும்.

உண்மையான கருவிகளின் ஒலியைப் பதிந்து செய்த சாம்பிள் கருவிகளின் தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலின் லெகாட்டோ (சேர்த்து வாசிக்கும்) சாம்பிளில் முந்தைய சுரத்திலிருந்து நழுவி வரும் ஒலியும் அடங்கியிருப்பதால், விசையை அழுத்தி 100, 200 மில்லிசெகண்ட் கழிந்தபின்தான் சுரம் நிலைக்கும். ஸ்டக்காட்டோ (வெட்டி வாசிக்கும்) சாம்பிளில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. டிராக் முழுமைக்கும் ஒரே எதிர்மறைத் தாமதம் வைத்தால் ஒன்று சரியாகும், மற்றொன்று முந்திக்கொண்டு ஓடும். வாசிப்பு முறை ஒவ்வொன்றுக்கும் தனித் தாமதம் வைக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் வேண்டும். அந்த எண்களை மனிதர் காதால் கேட்டுத் தேடுவதைவிட, கருவியைச் செய்தவர்களே பிளக்-இன் மூலம் அறிவித்துவிடலாம். வாசிப்பு முறைகளின் பட்டியலும், அவற்றை மாற்றும் கீ-ஸ்விட்ச் எண்களும் அதே வழியில் வந்துவிட்டால், ஒரே சாம்பிள் தொகுப்புக்கு மென்பொருளுக்கு மென்பொருள் தனித்தனி வரைபடம் தட்டிக்கொண்டிருக்கும் வேலை ஒழியும். அதுவரை குறைந்தது சுரங்களின் எண்களையாவது காட்டுங்கள். எண் 60-ஐ ஒருவர் சி3 என்கிறார், மற்றவர் சி4 என்கிறார். கையேட்டைப் பார்த்து அமைத்த கீ-ஸ்விட்ச் ஒரு ஸ்தாயி தள்ளிப் போய் விழுவதற்கு இதுதான் காரணம்.

பதியும்போது ஏற்படும் தாமதத்துக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் (இங்கே ஒலியின் அளவீட்டுப் புள்ளி) பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், பாடுபவர் பொறுத்துக்கொள்வார். யாரோ மாஸ்டரில் (மொத்த ஒலியும் போய்ச்சேரும் தடத்தில்) போட்டுவைத்த லீனியர்-ஃபேஸ் ஈக்யூ என்ற ஒலிச்சமன் பிளக்-இன் 4,096 சாம்பிள் தாமதம் சேர்த்தால் 85 மில்லிசெகண்ட் கூடிவிடும். பாடகரால் தாளத்தில் நிற்கவே முடியாது. எந்த பிளக்-இன் எத்தனை மில்லிசெகண்ட் தின்கிறது என்பதை மிக்சரிலேயே, சிவப்பு எண்ணாக, பதிவுப் பொத்தான் அழுத்தும் முன் காட்டினால் போதும். அதேபோல, 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 கிலோஹெர்ட்ஸ் திட்டத்தில் மாற்றாமல் போட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைத்தொனி ஏறி, நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். கேட்காமலே மாற்றுவது, கேட்காமலே மாற்றாமல் விடுவது இரண்டுமே தவறு.

தமிழில் சாகித்தியம் எழுதுவோர் சார்பில் ஒரு பத்தி. சுரத்தின் அடியில் பாடல் வரியை இடும்போது, அசையை எங்கே உடைப்பது என்பதற்குத் தமிழுக்கு எளிய விதி உண்டு: புள்ளி எழுத்து முந்தைய எழுத்தோடு ஒட்டும். வந்-தாள், பக்-கம். இந்த ஒரு விதியை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வரி முழுவதையும் ஒட்டியவுடன் சுரங்களுக்கு அடியில் தானாகவே பிரிந்து உட்காரும். இப்போது ஒவ்வோர் அசைக்கும் ஹைஃபன் தட்ட வேண்டியிருக்கிறது. எழுத்துக்களைச் சேர்த்துக் காட்டும் பொறி இல்லாத மென்பொருளில் ஒற்றைக்கொம்பு தனியே பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கும். அச்சுக்குப் போன பிறகுதான் தெரியவரும். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால் தேடலும் ஏமாற்றும். உள்ளிட்டவுடன் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நம் எழுத்துகள் அகலமானவை. அடியில் உள்ள சொல் சுரங்களை அங்குமிங்கும் தள்ளி இடைவெளியைக் குலைக்கிறது. பக்கத்துச் சுரத்தின் அடிவரை எவ்வளவு நீட்டலாம் என்று ஓர் அளவு வைக்க இடம் கொடுத்தால் தாள் நிமிர்ந்துவிடும்.

பார்வையற்ற இசைக்கலைஞர்களுக்காக நொட்டேஷன் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் பிரெய்ல் காட்சியைத் தருகிறது. பதிவு மென்பொருளான ரீப்பரைத் திரைவாசிப்பானோடு பயன்படுத்த ஒசாரா என்ற துணைநிரலைப் பயனர்களே உருவாக்கியிருக்கிறார்கள். இடிப்பது பிளக்-இன்களில். முகப்பை முழுக்கப் படமாக வரைந்துவிடுவதால் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குமிழுக்கும் பெயரும் மதிப்பும் உள்ளே இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை எளிய பட்டியலாகக் காட்டும் சாளரத்தை எல்லாப் பதிவு மென்பொருள்களும் கட்டாயமாக்கலாம். "பாராம் 14" என்று பெயர் வைத்துவிட்டுப் போகும் பிளக்-இன் தயாரிப்பாளர்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பின்வாங்கும் (அன்டூ) கட்டளைக்கு மிக்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டத்தை மூடித் திறந்தாலும் அந்த வரலாறு இருக்கட்டும். இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு எந்தப் பாரில் என்ன மாறியது என்று நிறத்தில் காட்டும் வசதியும் எளிதுதான், ஒவ்வொரு சுரத்துக்கும் நிரந்தர அடையாளம் கொடுத்தால். 2017-ல் வந்த மியூசிக்எக்ஸ்எம்எல் 3.1-லேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒலியைக் கேட்டுச் சுரம் எழுதும் செயற்கை நுண்ணறிவும் வரட்டும், வரவேற்போம். ஆனால் உறுதியில்லாத சுரங்களைச் சாம்பல் நிறத்தில் காட்ட வேண்டும். நூறில் ஐந்து தவறு என்றால் பரவாயில்லை. எந்த ஐந்து என்று தெரியாவிட்டால் நூறையும் மறுபடி கேட்டாக வேண்டும்.

நிறுவனங்கள் செய்யும்வரை, வாங்குகிறவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லலாம். 16 பார் கொண்ட ஒரு சிறிய தாளை எழுதுங்கள். அதில் ஒரு மூவிணை, பாரைத் தாண்டும் ஒரு இணைப்பு, ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல், முதல் முடிவு இரண்டாம் முடிவு கொண்ட ஒரு மீள்வு, ஒரு பி ஃபிளாட் கிளாரினெட், ஒரு கிளிசாண்டோ, நான்கு பாருக்குத் தமிழ்ச் சாகித்தியம் இருக்கட்டும். அதை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து, அங்கிருந்து மறுபடி ஏற்றுமதி செய்து, முதலாவதில் திறவுங்கள். இரண்டு தாள்களையும் பிடிஎஃப் ஆக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். இலவசச் சோதனைக் காலத்திலேயே, அரைமணி நேரத்தில், எவ்வளவு தொலைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இசைப்பதிவிலும் இசைக்குறிப்பு அச்சிலும் பணிபுரியும் வாசகர்கள்